ஐந்தடிப் பெண்ணும் ஒன்பது சங்கங்களும்

அன்புள்ள ஐயா,

மேரிலாந்தில் பதினெட்டு வருடமாக இருக்கிறோம். ஒரே மகள், அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளுடைய அறைத்தோழி ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண். நல்ல பிள்ளை, தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவளோடு சேர்ந்து இவளும் கறுப்பினப் பெண்களின் சொரோரிட்டி, அதாவது மாணவியர் சங்கம், ஒன்றில் சேரப்போகிறாளாம். எது என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை. "அம்மா, இதைப் பத்தி யார்கிட்டயும் பேசாதே, ஃபேஸ்புக்ல எதுவும் போட்டுடாதே" என்று கெஞ்சுகிறாள். அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுக்கிறது. "நம்ம ஊர் சாதிச் சங்கம் மாதிரிதான், அதுல நமக்கென்ன வேலை" என்கிறார் என் கணவர். நாம் கறுப்பினத்தவர் இல்லையே, சேர்த்துக்கொள்வார்களா? சேர்த்துக்கொண்டால் அடிப்பார்கள் என்று செய்திகளில் படிக்கிறேனே, உண்மையா? அவளும் என்னைப் போல ஐந்தடி கூட இல்லை. யாராவது தள்ளினால் விழுந்துவிடுவாள். நீங்கள் அந்தப் பக்கம் இருந்தவர் என்பதால் எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

பெயரைப் போடவில்லை. மாநிலத்தையும் மாற்றிவிட்டேன். உங்கள் மகள் கெஞ்சுவதில் விஷயம் இருக்கிறது என்பதால்தான்.

இந்தச் சங்கங்களில் சேர விரும்புகிறவர்கள் அதை வெளியே சொல்லக் கூடாது. எழுதப்பட்ட விதி இல்லை, வழக்கம். தம்பட்டம் அடிப்பவள், சேருவதற்கு முன்பே அவர்களுடைய கைச்சைகையைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்பவள், அவர்களுடைய நிறத்தில் உடுத்திக்கொண்டு வளாகத்தில் திரிபவள் எல்லாம் தொடக்கத்திலேயே ஓரங்கட்டப்படுவார்கள். இளஞ்சிவப்பும் பச்சையும் என்றால் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா. அடர்சிவப்பும் பாலேட்டு வெள்ளையும் டெல்டா சிக்மா தீட்டா. நீலமும் வெள்ளையும் ஸீட்டா ஃபை பீட்டா, நீலமும் பொன்னும் சிக்மா காமா ரோ. ஆகவே நீங்கள் பாசத்தில் ஒரு பச்சைச் சுடிதாரும் இளஞ்சிவப்புத் துப்பட்டாவும் வாங்கி அனுப்பிவைக்காதீர்கள்.

பெண்களுக்கு இந்த நான்கு, ஆண்களுக்கு ஐந்து. மொத்தம் ஒன்பது என்பதால் 'டிவைன் நைன்' என்பார்கள். கமலா ஹாரிஸ் 2020 ஆகஸ்டில் துணை அதிபர் வேட்பாளராக நியமனத்தை ஏற்றுப் பேசியபோது 'சித்தி' என்ற சொல்லைச் சொன்னதும் தமிழ்நாடே பூரித்துப்போனது நினைவிருக்கும். தன் குடும்பம் யார் யார் என்று அடுக்கிய அதே பேச்சில்தான் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவையும் டிவைன் நைனையும் சொன்னார். நம் செய்தித்தாள்கள் சித்தியோடு நிறுத்திக்கொண்டன. அவர் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, 1986-ல், அதில் சேர்ந்தவர். அந்தத் தேர்தலில் பலர் சரியாக 19 டாலர் 8 சென்ட் நன்கொடை அனுப்பினார்கள். அவருடைய சங்கம் தொடங்கிய ஆண்டு 1908. நாம் நூற்றியொன்று மொய் எழுதுகிற மாதிரி.

உங்கள் கணவர் சொன்னதைச் சிரித்து ஒதுக்க முடியாது, ஆனால் அது பாதிதான் சரி. சாதிச் சங்கத்தில் பிறந்தாலே இடம் உண்டு, சந்தா பாக்கி வைத்தாலும் நீங்கள் அந்தச் சாதிதான். இங்கே அம்மா உறுப்பினர் என்றால் மகளுக்கு 'லெகசி' என்று கொஞ்சம் சலுகை கிடைக்கலாம். ஆனாலும் விண்ணப்பம் போட்டாக வேண்டும், நிராகரிக்கவும் படலாம்.

தொடங்கிய கதையைக் கேட்டால் அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள். 1905-ல் விடுமுறை முடிந்து கார்னெல் பல்கலைக்கழகம் திறந்தபோது, முந்தைய ஆண்டு படித்த கறுப்பின மாணவர்களில் ஆறு பேர் திரும்பி வரவில்லை. வெள்ளையர் சங்கங்களில் இவர்களுக்கு இடம் இல்லை, சேர்ந்து உட்கார்ந்து படிக்க ஆள் இல்லை. மிச்சமிருந்தவர்கள் அடிக்கடி கூடிப் பேசி, 1906 டிசம்பர் 4 அன்று ஏழு பேராக ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். இது ஒன்பதில் மூத்தது. மார்ட்டின் லூதர் கிங்கும் இதன் உறுப்பினர்தான். வாஷிங்டனில் 2011-ல் திறந்த அவருடைய நினைவுச்சின்னத்துக்கு 1984-லேயே யோசனை சொல்லி விடாப்பிடியாக நின்றது இந்தச் சங்கம். அப்புறம் 1922-ல் இண்டியானாபோலிஸில் ஏழு பள்ளி ஆசிரியைகள் சிக்மா காமா ரோவைத் தொடங்கினார்கள். அந்த மாநிலத்தில் அப்போது கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பல் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தது.

சரி, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்பதில் ஐந்து பிறந்த இடம் ஹோவர்ட். அது கறுப்பின மாணவர்கள் நிறைந்த பல்கலைக்கழகம். வெள்ளைக்காரன் கதவைச் சாத்தினான் என்று அங்கே சொல்ல முடியாது. எடுத்ததும் தள்ளியதும் தங்களுக்குள்ளேயேதான். நல்ல குடும்பமா, தோல் கொஞ்சம் வெளுப்பா என்று பார்த்தார்கள் என்ற குறை அவர்கள் சமூகத்துக்குள்ளேயே நெடுநாள் பேசப்பட்டது. 1914-ல் வந்த ஃபை பீட்டா சிக்மாவும் 1920-ல் வந்த ஸீட்டாவும் இந்த மேட்டிமை பிடிக்காமல் தொடங்கியவைதான். அதற்கும் முன்னால், 1913-ல், ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவில் இருந்த 22 மாணவிகள் பெயரும் மாற வேண்டும் போக்கும் மாற வேண்டும் என்று வெளியேறி டெல்டாவைத் தொடங்கினார்கள். கட்சிகள் உடைவதைப் பார்த்தே வளர்ந்த நமக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. பிரிந்த இரண்டே மாதத்தில், மார்ச் 3 அன்று, வாஷிங்டனில் பெண்கள் வாக்குரிமை ஊர்வலம் நடந்தது. கறுப்பினப் பெண்கள் கடைசியில் வந்தால் போதும் என்று நினைத்த அமைப்பாளர்கள் இருந்த ஊர்வலம் அது. அதில் போய் நடந்ததுதான் டெல்டாக்களின் முதல் பொதுக்காரியம்.

பழைய சங்கமும் சும்மா இருக்கவில்லை. 1935-லிருந்து 1942 வரை கோடைதோறும் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா பெண்கள், மருத்துவர் டாரத்தி ஃபெரபீ தலைமையில், மிசிசிப்பிக்குப் போனார்கள். பருத்தித் தோட்டக் கூலிகளின் பிள்ளைகளுக்கு அம்மையும் தொண்டை அடைப்பானும் வராமல் தடுப்பூசி போடுவது வேலை. ஓர் இடத்தில் முகாம் போட்டு, வாருங்கள் என்றார்கள். முதலாளிகள் கூலிகளைத் தோட்டத்தை விட்டு வெளியே விடவில்லை. அதனால் தாங்கள் வந்த கார்களையே மருத்துவமனையாக்கிக்கொண்டு தோட்டத்துக்குள் போனார்கள். ஆட்டம் பாட்டம் என்று மட்டும் இவர்களைத் தெரிந்துவைத்திருப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது.

நான் நேரில் பார்த்த ஒன்றும் உண்டு. வட கரோலினாவில் இருந்தபோது எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக இருந்தார். எண்பதைத் தாண்டியவர், பிள்ளைகள் இல்லை. வாரத்தில் மூன்று நாளாவது ஏதாவது ஒரு பெண் காரில் வந்து இறங்குவார். மருந்து, மளிகை, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம். அக்கா தங்கை பெண்கள் போல என்று நினைத்திருந்தேன். அவர் இறந்ததும் அடக்க ஆராதனைக்குப் போனேன். முன்வரிசைகளில் நாற்பது பெண்களாவது வெள்ளை உடையில் உட்கார்ந்திருந்தார்கள், கல்லூரி வயதிலிருந்து தடியூன்றிய கிழவி வரை. போதகர் முடித்ததும் எழுந்து பெட்டியைச் சுற்றி நின்றார்கள். ஒவ்வொருவராக வந்து ஓர் ஐவி இலையை வைத்தார்கள். ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவில் 'ஐவி பியாண்ட் தி வால்' என்று அந்தச் சடங்குக்குப் பெயர். சுவரைத் தாண்டிப் படர்ந்துவிட்ட கொடி.

வெளியே வந்தபோது பக்கத்தில் நின்ற இளம்பெண்ணிடம், அவரை எத்தனை வருடமாகத் தெரியும் என்று கேட்டேன். "அவ்வளவாகத் தெரியாது. போன வருடம்தான் இந்த ஊர்க் கிளைக்கு மாறினேன். எனக்கு சனிக்கிழமை முறை" என்றாள். முறை போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவரையொருவர் 'சொரார்' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள், சகோதரி என்று அர்த்தம். அந்தச் சொல்லை அன்றுதான் காதுகொடுத்துக் கேட்டேன்.

வெள்ளையர் சங்கங்கள் பெரும்பாலும் கல்லூரியோடு கழிந்துவிடும். அதன்பின் பழைய மாணவர் கூட்டம், நன்கொடைக் கடிதம், அவ்வளவுதான். இங்கே படிப்பு முடித்தவர்களின் கிளைகள்தான் முதுகெலும்பு. மாதாமாதம் கூட்டம், ஆண்டுச் சந்தா, தலைக்குத் தலை வேலை. ஒன்றில் சேர்ந்தவர் ஒன்பதில் வேறொன்றுக்கு மாறவும் முடியாது. "சேர்த்துக்கொள்வார்களா" என்பது உங்கள் கேள்வி. நான் உங்கள் மகளிடம் கேட்பதாக இருந்தால், ஐம்பது வயதில் உனக்கு சனிக்கிழமை முறை போட்டால் போவாயா என்று கேட்பேன். போவேன் என்றால் விண்ணப்பம் போடட்டும். கல்லூரியில் நான்கு வருடம் நல்ல கூட்டாளிகள் வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. 1998-ல் ஹூஸ்டனில் தொடங்கிய டெல்டா ஃபை ஒமேகா போன்ற தெற்காசியப் பெண்களின் சொரோரிட்டிகள் உண்டு. அவர்களுடைய சடங்குகளிலும் ஆட்டங்களிலும் பாதி இந்த ஒன்பதைப் பார்த்து எடுத்துக்கொண்டவைதான்.

கறுப்பினத்தவர் அல்லாதவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். விதிகளில் இனத் தடை இல்லை, இந்திய வம்சாவளிப் பெண்களும் இருக்கிறார்கள். ஆனால் ஏன் எங்களிடம் வந்தாய் என்ற கேள்வி வாய்விட்டோ விடாமலோ வரும். அறைத்தோழி சேருகிறாள் என்பது அதற்குப் பதில் ஆகாது. கமலா ஹாரிஸைக் காட்டியும் பயன் இல்லை. அவர் ஹோவர்டுக்குப் போனதே கறுப்பினப் பெண்ணாகத்தான்.

நடைமுறை பெரிய விஷயம் இல்லை. எல்லா வருடமும் ஆள் எடுக்க மாட்டார்கள். எடுக்கும்போது அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் நடுவில் சில நாட்கள்தான் இருக்கும். மதிப்பெண் பட்டியல், பரிந்துரைக் கடிதங்கள், சமூகசேவை செய்த சான்று, நேர்காணல். கட்டணம் கணிசமாக இருக்கும், உங்களிடம்தான் வந்து நிற்பாள். கல்லூரியில் கிடைக்காவிட்டால் பட்டம் வாங்கியபின் ஊர்க் கிளை மூலமாகச் சேரலாம், நிறையப் பேர் அப்படிச் சேர்கிறார்கள்.

இனி அடி. உங்கள் பயம் நியாயமானது, நான் அதைத் தணிக்கப் போவதில்லை. பழைய காலத்தில் வாரக்கணக்கில் ஒரு பயிற்சி நடக்கும். வரிசையாக நடக்க வைப்பது, தூங்க விடாதது, பலகையால் அடிப்பது. 1989-ல் அட்லாண்டாவில் ஒரு மாணவர் இறந்தபின், 1990-ல் அந்தப் பயிற்சிக் காலத்தையே சங்கங்கள் ஒழித்தன. காகிதத்தில் ஒழிந்தது, இரவில் ஒழியவில்லை. 1994-ல் மிசூரியில் ஒரு மாணவர் அடிபட்டுச் செத்தார். 2002-ல் லாஸ் ஏஞ்சலஸ் கடற்கரையில் இரண்டு பெண்கள் இரவில் அலையில் மூழ்கினார்கள், சொரோரிட்டிப் பயிற்சி என்று கூட்டிப்போனார்கள் என வழக்கு நடந்தது. 2025 பிப்ரவரியில் லூசியானாவில் பல்கலைக்கழக வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் வாசித்துவந்த பையன் இறந்தான், நெஞ்சில் குத்தினார்கள் என்றது போலீஸ். ஆண்களிடம் அதிகம், பெண்களிடம் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. வெள்ளையர் சங்கங்களிலும் சாவுகள் உண்டு, அங்கே பெரும்பாலும் குடியால்.

நம் ஊர் ராகிங்கிலிருந்து இது ஒரு விஷயத்தில் மாறுபடும். ராகிங்கில் மாட்டிய பையன் தப்பிக்கப் பார்ப்பான். இதில் மாட்டியவர் மறைக்கப் பார்ப்பார். விண்ணப்பம் போட்டு, கட்டணம் கட்டி, முறைப்படி மட்டும் சேர்ந்தவரை 'பேப்பர்' என்று ஏளனம் செய்வார்கள். அந்தப் பட்டத்துக்குப் பயந்து பிள்ளைகள் தாங்களாகவே போய் அடி வாங்குகிறார்கள். அதனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ரகசியத்தை ஒத்துக்கொள்ளாதீர்கள். எந்தச் சங்கம் என்று உங்களிடம்கூடச் சொல்ல வேண்டாம். ஆனால் ராத்திரியில் யாராவது ஒரு வீட்டுக்கு வரச் சொன்னால், போனை வாங்கி வைத்துக்கொண்டால், சாமான் வாங்கித் தரச் சொன்னால் அது நடைமுறையில் இல்லாதது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பேப்பர் என்று பெயர் வாங்கினால் பரவாயில்லை என்று நீங்கள் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். 2024 டிசம்பரில் கையெழுத்தான மத்திய சட்டப்படி, இப்படிப்பட்ட குற்றம் நிரூபணமான மாணவர் அமைப்புகளின் பெயரைப் பல்கலைக்கழகங்கள் வெளியிட வேண்டும். உங்கள் மகளின் பல்கலைக்கழகத்து அறிக்கையை முதலில் எடுத்துப் பாருங்கள், கணவரிடமும் காட்டுங்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தால் ஒருநாள் திடீரென்று கூப்பிடுவாள், நாளை மறுநாள் வளாகத்துக்கு வந்துவிடு என்று. 'ப்ரோபேட்' என்பார்கள், புதியவர்களை ஊருக்குக் காட்டுகிற நிகழ்ச்சி. ஒருவர் முதுகோடு ஒருவர் ஒட்டியபடி, ஒரே மாதிரி உடுத்து, முகத்தை மூடிக்கொண்டு நடந்து வருவார்கள். நிறுவியவர்களின் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக முகமூடியைக் கழற்றித் தன் பெயரையும் வரிசை எண்ணையும் கத்துவார்கள். அதுவரை எது யார் பெண் என்று தெரியாமல் பெற்றவர்கள் எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்களுக்கு அந்தக் கஷ்டம் இருக்காது. வழக்கமாக உயரப்படிதான் நிறுத்துவார்கள், குட்டையானவள் முன்னால். ஒன்றாம் எண்ணைப் பாருங்கள்.