சி மொழி நிரல் 0 விநாடி காட்டுவது ஏன்?

கேள்வி: ஒன்று முதல் நூறு கோடி வரையுள்ள எண்களை லூப் போட்டுக் கூட்டும் நிரலை சி மொழியிலும் பைத்தானிலும் எழுதினேன். என் மடிக்கணினியில் சி 0 விநாடியும், பைத்தான் ஒரு நிமிடத்துக்கு மேலும் காட்டின. நண்பரின் கணினியில் அதே சி நிரல் 2 விநாடி எடுத்தது. சி உண்மையில் எத்தனை மடங்கு வேகமானது?

பதில்: முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்த 0 விநாடியைத்தான். 3 கிகாஹெர்ட்ஸ் செயலி ஒரு துடிப்புக்கு ஒரு கூட்டல் செய்தாலும், நூறு கோடி கூட்டலுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விநாடி ஆகும். ஆகவே உங்கள் லூப் ஓடவே இல்லை என்றே கொள்ள வேண்டும். நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் கம்பைலரிடம், அதை வேகமாக ஓடும்படி மேம்படுத்தச் சொல்லும் ஓ2 (-O2) போன்ற தேர்வுடன் தொகுக்கும்போது, கூட்டுத்தொகையை நீங்கள் எங்கும் பயன்படுத்தவில்லை என்றால் கம்பைலர் லூப்பை முழுவதுமாக நீக்கிவிடும். அச்சிட்டாலும்கூட, கிளாங் போன்ற கம்பைலர் லூப்புக்குப் பதிலாக நாம் பள்ளியில் படித்த கூட்டுத்தொகைச் சூத்திரத்தையே வைத்துவிடும். நண்பர் பெரும்பாலும் மேம்படுத்தல் இல்லாமல் தொகுத்திருப்பார். அப்போது ஒவ்வொரு சுற்றிலும் மாறியை நினைவகத்திலிருந்து எடுத்து, கூட்டி, மீண்டும் அங்கேயே எழுத வேண்டியிருக்கும். அந்த 2 விநாடியை வைத்து அவருடைய கணினி மெதுவானது என்று சொல்லிவிட முடியாது.

பைத்தான் ஒவ்வொரு எண்ணையும் ஒரு பொருளாக வைத்து, ஒவ்வொரு கூட்டலிலும் அதன் வகையைச் சோதிக்கிறது. எண் எவ்வளவு பெரிதானாலும் விடை பிசகாமல் பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் அந்தத் தாமதம். லூப்பை விட்டுவிட்டு, உள்ளமைந்த சம் (sum) செயற்கூற்றைப் பயன்படுத்தினால், சி மொழியில் எழுதப்பட்ட பகுதியே கூட்டலைச் செய்வதால் நேரம் கணிசமாகக் குறையும். எழுதும் விதம் மாறினாலே விகிதமும் மாறுவதால், “இத்தனை மடங்கு” என்று ஒரே எண்ணாக விடை சொல்வதை நான் ஏற்பதில்லை. ஜாவாவும் அப்படித்தான்: அடிக்கடி ஓடும் பகுதிகளை ஓட்டத்தின்போதே இயந்திரமொழிக்கு மாற்றுவதால், முதல் ஓட்டத்தின் நேரம் அதன் முழு வேகத்தைக் காட்டாது.

ஒப்பிட விரும்பினால், பெரிய கோப்பு ஒன்றில் சொற்களை எண்ணுவது போல உங்களுக்கு உண்மையில் தேவைப்படும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளீடும் வழிமுறையும் இரு மொழிகளிலும் ஒன்றாகவே இருக்கட்டும். மடிக்கணினியைச் சார்ஜரில் இணைத்துவிட்டுப் பலமுறை ஓட்டி, நடு மதிப்பை எடுங்கள்.

நேரத்தைப் பார்ப்பதற்கு முன் விடையைச் சரிபாருங்கள். உங்கள் நிரலின் சரியான விடை 500000000500000000. முழு எண்களை வைக்கும் லாங் (long) என்னும் வகை 64 பிட் லினக்ஸில் 8 பைட். விண்டோஸிலோ 4 பைட்தான், அதில் இந்த எண் அடங்காது. நண்பர் விண்டோஸில் அந்த வகையைப் பயன்படுத்தியிருந்தால், 8 பைட் கொண்ட லாங் லாங் (long long) என்று மாற்றி, இருவரும் ஒரே மேம்படுத்தல் நிலையில் தொகுத்து மீண்டும் அளந்து பாருங்கள்.