குப்பிக்குள் என்ன இருக்கிறது? ஆய்வகக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாமே ஆராய்ச்சிக்காக வாங்கும் ரீகாம்பினன்ட் (மரபணுவைச் செல்லில் புகுத்தித் தயாரித்த) மனித ஏற்பிப் புரதங்களைப் பற்றியவை. ஏற்பி என்பது செல்லின் மேல் நின்று வேறு மூலக்கூறைப் பிடிக்கும் புரதம். சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: 50 மைக்ரோகிராம் பிடி-1 (நோயெதிர்ப்பு செல்களின் மேல் இருக்கும் ஓர் ஏற்பி, PD-1) வாங்கினோம். குப்பியைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. காலிக் குப்பியை அனுப்பிவிட்டார்களா?

பதில்: 50 மைக்ரோகிராம் கண்ணுக்குத் தெரியாது. உறையவைத்து உலர்த்திய புரதம் சுவரில் மெல்லிய படலமாக இருக்கும், சில நேரம் மூடியின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும். அதனால்தான் திறக்கும் முன் சென்ட்ரிஃபியூஜில் சில வினாடி சுற்றச் சொல்கிறார்கள். அந்த மூடியைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் அதையும் சேர்த்துக் கரையுங்கள்.

கேள்வி: மனித செல்லில் தயாரித்த பிடி-1. கணக்குப்படி 17 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) வர வேண்டியது, புரதங்களை எடைப்படி பிரிக்கும் ஜெல்லில் 35-க்குப் பக்கத்தில் அகலமாகத் தீற்றிக்கொண்டு நிற்கிறது. ஏமாந்துவிட்டோமா?

பதில்: இல்லை, அது சர்க்கரை. பிடி-1-இன் வெளிப்பகுதியில் சர்க்கரைச் சங்கிலி ஏறும் இடங்கள் 4 இருக்கின்றன. சங்கிலிகள் ஒரே அளவில் இருப்பதில்லை, அதனால் பட்டை அகலமாகிறது. சர்க்கரையை வெட்டும் பிஎன்ஜிஏஸ் எஃப் நொதி போட்டு மறுபடி ஓட்டுங்கள், கீழே இறங்கிவிடும். ஈ. கோலை பாக்டீரியாவில் செய்தது மெல்லிய கோடாக அழகாக வரும், ஆனால் அதில் சர்க்கரையே இருக்காது.

கேள்வி: எஃப்சி இணைத்த ஏற்பியை ரத்த செல்களோடு கலந்தோம். மோனோசைட்டுகள் (ஒரு வகை வெள்ளை அணுக்கள்) எல்லாமே ஒளிர்கின்றன. புரதம் மோசம் என்று திருப்பி அனுப்பலாமா?

பதில்: திருப்பி அனுப்பாதீர்கள், தவறு அவர்களுடையது அல்ல. எஃப்சி என்பது ஆன்டிபாடியின் வால். மோனோசைட்டின் மேல் அதைப் பிடிக்கவே ஏற்பிகள் இருக்கின்றன. நானும் முதல் வருடம் இதே வகைப் புரதத்தை வாங்கி ஒரு மாத வேலையைத் தொலைத்தேன். எஃப்சி ஏற்பிகளை முதலில் அடைத்துவிடுங்கள், வெறும் எஃப்சியை மட்டும் போட்ட ஒரு குழாயையும் கூடவே ஓட்டுங்கள். அடுத்த முறை எஃப்சிக்குப் பதில் ஹிஸ் டேக் (ஹிஸ்டிடின் அமினோ அமிலங்களால் ஆன சிறு வால்) உள்ளதை வாங்குங்கள்.

கேள்வி: ஆன்டிபாடியின் எஃப்சியைப் பிடிக்கும் சிடி16ஏ ஏற்பியை வாங்கினோம். எங்கள் ஐஜிஜி1 வகை ஆன்டிபாடி எதிர்பார்த்ததைவிடப் பலவீனமாகப் பிடிக்கிறது.

பதில்: ஏற்பியின் 158-ஆம் இடத்தில் இருக்கும் அமினோ அமிலம் வேலினா, ஃபினைல்அலனினா? ஃபினைல்அலனின் என்றால் பிடி பலவீனமாகத்தான் இருக்கும். விவரத்தாளில் போட்டிருப்பார்கள், வாங்கும் முன் படியுங்கள்.

கேள்வி: கரைத்த புரதத்தை ஒரே குழாயில் வைத்துப் பத்து முறை உருக்கி உறையவைத்தால் பரவாயில்லையா?

பதில்: கூடாது. முதல் நாளே சிறு பங்குகளாகப் பிரித்துவிடுங்கள்.

கேள்வி: "95 விழுக்காட்டுக்கு மேல் தூய்மை" என்று போட்டு விற்றார்கள். பிடி-1 முதல் லாட்டில் (தயாரிப்புத் தொகுதியில்) தன் இணையான பிடி-எல்1 புரதத்தை இறுகப் பிடித்தது, இரண்டாவது லாட்டில் பிடியே இல்லை. கேட்டால் இரண்டும் தேறியவை என்கிறார்கள்.

பதில்: உங்கள் மேல் தவறில்லை. இந்த 95 மேல் எனக்குப் பல வருடக் கோபம், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். பெரும்பாலும் அந்த எண் எஸ்டிஎஸ் ஜெல்லில் எடுத்தது. எஸ்டிஎஸ் என்ற சோப்பு போன்ற பொருள் புரதத்தை விரித்துப் போட்டுவிடும், கட்டிகட்டியாக ஒட்டிக் கிடந்ததும் பிரிந்து ஒற்றைப் பட்டையாக ஓடும். ஆக அந்த 95 சொல்வது "வேறு புரதம் கலக்கவில்லை" என்பது மட்டுமே, சரியாக மடிந்து தனித்தனியாக நிற்கிறது என்று அது சொல்லவே இல்லை. கட்டியான புரதம் பல கைகளால் பிடிக்கும், எளிதில் விடாது, கருவியில் பிரமாதமான பிடிப்பாகத் தெரியும். உண்மையில் ஒற்றை பிடி-1, பிடி-எல்1-ஐப் பிடிப்பது சுமார் 8 மைக்ரோமோலார் அளவில் (எண் சிறிதானால் பிடி இறுகும்), பிடித்த வேகத்தில் விட்டுவிடும். அதைவிடப் பல மடங்கு இறுக்கமான நானோமோலார் எண் வந்தால் சந்தோஷப்படும் முன் கட்டியா, எஃப்சியால் இரட்டையானதா என்று பாருங்கள். நான் இப்படி ஒரு லாட்டை நம்பி மூன்று மாதம் உழைத்தேன். மிச்சமிருந்த குப்பியை புரதங்களை அளவுப்படி பிரிக்கும் குழாயில் (காலம், column) ஓட்டியபோது, கட்டிகள் வரும் முதல் சில நிமிடத்திலேயே உயரமான ஒரு மேடு எழுந்தது, ஒற்றைப் புரதம் வரவேண்டிய இடத்தில் சின்னக் கூம்புதான். விற்றவர்களிடம் படத்தோடு கேட்டால், ஜெல்தான் எங்கள் அளவுகோல் என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். நீங்கள் விடாதீர்கள். இரண்டு லாட்டின் காலம் (column) வரைபடமும் பிடிப்புச் சோதனை முடிவும் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: எண்டோடாக்சின் (பாக்டீரியாவின் நச்சு) அளவு பட்டியலில் இருந்தது, லாட் சான்றில் அந்தக் கட்டம் காலி. செல்களில் போட்டதும் டிஎன்எஃப் (அழற்சியைக் காட்டும் புரதம்) எகிறியது.

பதில்: பாவம், உங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். கொஞ்சம் புரதத்தைக் கொதிக்கவைத்து மறுபடி போட்டுப் பாருங்கள். கொதித்தால் புரதம் கெடும், எண்டோடாக்சின் அசையாது. டிஎன்எஃப் அப்போதும் அப்படியே எகிறினால் அந்த முடிவையும் காலிக் கட்டத்தின் படத்தையும் சேர்த்து அனுப்பி மாற்றுக் குப்பி கேளுங்கள். அதுவரை அந்த லாட்டில் எடுத்த முடிவு எதையும் கட்டுரையில் சேர்க்காதீர்கள்.