ஆயிரம் வருடக் குத்தகை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகள் வீட்டுக்கு பாஸ்டன் வந்திருக்கிறேன். பக்கத்திலேயே ஆர்னால்ட் ஆர்போரீட்டம் என்ற மரத்தோட்டம். காலையில் நடக்கப் போகிறேன். கட்டணம் கிடையாது, அழகாகவும் இருக்கிறது. ஆனால் வெறும் மரங்கள்தானே, இதற்கு ஏன் இவ்வளவு பெயர்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நாளை போகும்போது ஏதாவது ஒரு மரத்தில் தொங்கும் சின்னத் தகட்டைப் படியுங்கள். மரத்தின் பெயரோடு, அது எங்கிருந்து வந்தது என்பதும் இருக்கும். வெறும் பூங்காவுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை; இது ஆராய்ச்சிக்காகச் சேர்த்த மரங்களின் தொகுப்பு.

திமிங்கில எண்ணெய் வணிகத்தில் சம்பாதித்த ஜேம்ஸ் ஆர்னால்ட் விட்டுச்சென்ற பணத்தில், 1872இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் தொடங்கிய தோட்டம் இது. முதல் இயக்குநர் சார்ல்ஸ் சார்ஜன்ட், 1927இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். பாஸ்டன் குளிரைத் தாங்கக்கூடிய எல்லா மரமும் இங்கே வேண்டும் என்பது அவருடைய ஆசை. சரி, பணம்? அங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. 1882இல் நிலத்தை நகராட்சிக்குக் கொடுத்துவிட்டு, அதையே வருடம் ஒரு டாலர் வாடகைக்கு ஆயிரம் வருடங்களுக்குத் திரும்பக் குத்தகை எடுத்தது ஹார்வர்ட். சாலையும் காவலும் நகரத்தின் பொறுப்பு, மரங்கள் ஹார்வர்டின் பொறுப்பு, மக்களுக்கு இலவசம். ஓக் மரத்தின் ஆயுளை மனதில் வைத்துப் பத்திரம் எழுதியிருக்கிறார்கள்! நம் ஊரில் வீட்டு வாடகைக்கே பதினொரு மாதம்தான்.

பாதைகளை வளைத்து வளைத்துப் போட்டவர் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த இருவரில் ஒருவரான ஓம்ஸ்டெட். அந்தக் காலத்தில் குதிரை வண்டியில் போகிறவர்கூட மரங்களைத் தாவரக் குடும்ப வரிசையில் பார்க்க முடிந்தது.

அப்புறம் எர்னஸ்ட் வில்சன். இத்தோட்டத்துக்காகச் சீனாவில் விதை சேகரிக்கப் போனவர். 1910இல் மலைச்சரிவில் கல் உருண்டு காலை முறித்தது. கேமரா முக்காலியைக் கட்டையாக வைத்துக் காலைக் கட்டினார்கள். குறுகலான அந்தப் பாதையில் எதிரே கோவேறு கழுதைகள் வர, ஒதுங்க இடமில்லாமல் படுத்தே கிடந்தார். அவை ஒவ்வொன்றாக அவரைத் தாண்டிப் போயின, ஒன்றும் மிதிக்கவில்லை. கடைசிவரை நொண்டித்தான் நடந்தார்.

டான் ரெட்வுட் மரத்தைத் தேடிப் பாருங்கள். புதைபடிவமாக மட்டுமே தெரிந்திருந்த இனம். 1940களில் சீனாவில் உயிரோடு அகப்பட்டது. தோட்டம் அனுப்பிய சொற்பப் பணத்தில் விதை சேகரித்தார்கள். 1948இல் அவை இங்கே வந்ததும் பல நாட்டுத் தோட்டங்களுக்குப் பங்கிட்டார்கள். ஊசியிலை மரம்தான், ஆனால் குளிர்காலத்தில் மொட்டையாகிவிடும். பட்டுப்போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

மே மாதம் வரை இருந்தால், லைலாக் என்ற மணமுள்ள பூக்களைப் பார்க்க மக்கள் கூடும் லைலாக் ஞாயிறன்று போங்கள். கூட்டம் அதிகம்தான். ஆனால் உள்ளே உட்கார்ந்து சாப்பிட அனுமதிக்கும் நாள் அது ஒன்றுதான். புளியோதரை கட்டிக்கொள்ளலாம்.