எட்டு டாலர் – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

உங்கள் அமெரிக்கப் பயணக் குறிப்பில் டல்லாஸின் தென்பகுதியைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன். அங்குள்ள கறுப்பின மக்களின் ஏழ்மைக்கு வரலாறுதான் காரணம் என்ற தொனி அதில் இருந்தது. எனக்கு உடன்பாடில்லை.

நான் 2004-இல் எச்-1பி வேலை விசாவில் இங்கே வந்தேன். இரண்டு பெட்டி, ஒரு குக்கர், அவ்வளவுதான். அப்பா கிராமத்துத் தபால்காரர். எனக்கு முன்னால் 1971-இல் வந்த என் பெரியப்பாவின் கையில் இருந்தது வெறும் எட்டு டாலர். இன்று எங்கள் குடும்பத்தில் இரண்டு டாக்டர்கள், நான்கு மென்பொருள்காரர்கள். இந்தியக் குடும்பங்களின் வருமானம் வெள்ளையரைவிட அதிகம். நாங்களும் கறுத்த தோல்தான். எங்களுக்காக யாரும் சட்டம் போடவில்லை. நைஜீரியாவிலிருந்தும் ஜமைக்காவிலிருந்தும் வருகிற கறுப்பர்கள்கூட நன்றாகவே இருக்கிறார்கள். அப்புறம் எப்படி இனவெறியைக் காரணம் சொல்ல முடியும்? படிப்பு, சேமிப்பு, குடும்பக் கட்டுக்கோப்பு, இதுதானே வித்தியாசம்?

இதைச் சாப்பிடும்போது சொன்னேன். பதினோராம் வகுப்பு படிக்கும் மகள் தட்டோடு எழுந்து போய்விட்டாள். மூன்று நாளாகச் சரியாகப் பேசவில்லை. நான் கேட்டது தப்பா?

கே.
பிளேனோ, டெக்சாஸ்

*

அன்புள்ள கே.,

கேட்டது தப்பில்லை. கேட்ட பிறகு பதிலுக்குக் காத்திராமல் முடிவையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதுதான் உங்கள் மகளை எழுப்பியிருக்கும்.

பெரியப்பாவின் எட்டு டாலரிலிருந்து தொடங்குகிறேன். அந்தத் தலைமுறை அமெரிக்கத் தமிழர்கள் பலரிடமும் இந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன், தொகைகூட மாறுவதில்லை. ஏன் மாறுவதில்லை என்று யோசித்திருக்கிறீர்களா? இந்தியாவில் அந்நியச் செலாவணிக்குக் கடும் தட்டுப்பாடு இருந்த காலம் அது. வெளிநாடு போகிறவர் இவ்வளவுதான் டாலர் கொண்டுபோகலாம் என்று அரசு வரம்பு வைத்திருந்தது. மில் முதலாளியின் மகன் விமானம் ஏறினாலும் அதே எட்டுதான். உங்கள் பெரியப்பா என்ன படித்தவர் என்று நீங்கள் எழுதவில்லை. பொறியியல் அல்லது மருத்துவம் என்று ஊகிக்கிறேன். அன்றைய தமிழ்நாட்டில் ஒரு தாலுகாவுக்கு அப்படி எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அந்தப் படிப்புக்கான செலவில் பெரும்பகுதியைக் கொடுத்தது அரசு. கல்லூரி வாசலையே மிதிக்காதவர்கள் தீப்பெட்டிக்கும் மண்ணெண்ணெய்க்கும் கட்டிய வரி அது. எட்டு டாலரோடு இறங்கியவர் இரண்டாவது மாதம் அமெரிக்கச் சம்பளம் வாங்கியிருப்பார்.

எங்களுக்காக யாரும் சட்டம் போடவில்லை என்கிறீர்கள். போட்டார்கள். 1923-இல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியின் வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்ல, எனவே குடியுரிமை பெற முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1946-இல் கொஞ்சம் இரங்கி ஆண்டுக்கு 100 இந்தியர் வரலாம் என்றார்கள். வருடத்துக்கு நூறு பேர், இரண்டு பஸ் கூட்டம். அந்த ஒதுக்கீட்டு முறையை உடைத்தது 1965 அக்டோபரில் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம். அதற்கு முந்தைய ஆண்டு, இனப் பாகுபாட்டைத் தடை செய்த குடிமை உரிமைகள் சட்டம், அதே ஆண்டு ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம். இனத்தைப் பார்த்து ஆளைப் பிரிப்பது அசிங்கம் என்று அந்த நாட்டு நாடாளுமன்றத்துக்கு உறைக்க வைத்தவர்கள், வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போய் அலபாமாவின் செல்மா பாலத்தில் போலீஸிடம் அடிவாங்கிய கறுப்பின மக்கள். அந்த அலையில் திறந்த கதவு வழியாகத்தான் பெரியப்பா 1971-இல் உள்ளே வந்தார். உள்ளே வந்தபின் திரும்பிப் பார்த்து, நீ ஏன் இன்னும் வெளியே நிற்கிறாய் என்று அவர்களைக் கேட்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

சரி, எண்களுக்கு வருவோம். எல்லாக் குடும்பங்களையும் வருமானப்படி வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்கும் குடும்பத்தைப் பார்த்தால், 2022-இல் இந்திய அமெரிக்கக் குடும்பத்துக்கு சுமார் 1,45,000 டாலர். நாடு முழுவதற்கும் 75,000-ஐ ஒட்டி. கறுப்பினக் குடும்பத்துக்கு 53,000-ஐ ஒட்டி. உங்கள் கணக்கு சரிதான். ஆனால் இதையும் சேர்த்துப் பாருங்கள். 25 வயதுக்கு மேற்பட்ட இந்திய அமெரிக்கர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் பட்டதாரிகள். அமெரிக்காவில் மொத்தமாக அது மூன்றில் ஒன்றைக் கொஞ்சம் தாண்டும். இந்தியாவிலோ ஐந்தில் ஒன்றைக்கூட எட்டவில்லை. அதாவது அங்கே இருக்கும் இந்தியர்கள் மொத்த இந்தியாவையும் காட்டும் மாதிரியே அல்ல. நுழைவுத் தேர்வு, கல்லூரி, கம்பெனி நேர்காணல், அப்புறம் ஆண்டுக்கு 65,000, அமெரிக்க முதுகலைக்காரர்களுக்கு மேலும் 20,000 என்று வரம்பு வைத்த விசாக் குலுக்கல் என ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்த சல்லடைகளில் சலித்து எடுத்தவர்கள். அமெரிக்கக் கறுப்பின மக்கள் நான்கு கோடிக்கும் மேல். அவர்களின் முன்னோரை யாரும் நேர்காணல் வைத்துக் கூட்டி வரவில்லை. ஒரு பள்ளியின் முதல் வரிசைப் பிள்ளைகளை இன்னொரு பள்ளியின் மொத்தப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு அந்தப் பள்ளியில் ஒழுக்கம் சரியில்லை என்று சொன்னால் உங்கள் மகளே சிரிப்பாள். (சின்ன விஷயங்களும் உண்டு. இந்தியக் குடும்பங்களில் இரண்டு பேர் சம்பாதிப்பது அதிகம். அவர்கள் கூடி வாழும் நியூஜெர்சியிலும் கலிபோர்னியாவிலும் சம்பளமும் கூடுதல், வாடகையும் கூடுதல்.)

பண்பாடுதான் காரணம் என்று எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியதுண்டு. அதைக் கைவிட வைத்தது மலேசியா.

அங்கே தமிழர்கள் ஒரே வாசல் வழியாகப் போகவில்லை. கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் பிடித்து ரப்பர் தோட்டங்களுக்கு அனுப்பிய கூட்டம் ஒன்று. பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த, நிலமில்லாத, எழுத்தறியாத மக்கள். தோட்டத்துக்குள்ளேயே லயம் எனும் வரிசை வீடுகள், தோட்டத்துக்குள்ளேயே கோயில், கள்ளுக்கடை, ஆறாம் வகுப்போடு முடியும் தமிழ்ப் பள்ளி. இன்னொரு கூட்டம் யாழ்ப்பாணத்திலிருந்து போனது. அமெரிக்க மிஷனரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே யாழ்ப்பாணத்தில் ஆங்கிலப் பள்ளிகளைத் திறந்துவிட்டார்கள். மலாயாவில் ரயில் போட்ட வெள்ளைக்காரனுக்கு ஆங்கிலம் எழுதத் தெரிந்த கிளார்க்கும் ஸ்டேஷன் மாஸ்டரும் வேண்டியிருந்தது. அங்கிருந்து கூட்டிப் போனான். அவர்கள் நகரத்தில், அரசு குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போனார்கள். அடுத்த தலைமுறையில் டாக்டர், வக்கீல், நீதிபதி. மலேசியாவின் பெருங்கோடீஸ்வரர்களில் ஒருவராக இருந்து 2024-இல் காலமான ஆனந்த கிருஷ்ணன் அந்த யாழ்ப்பாண வழியில் வந்தவர்.

ரப்பர் பால்மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகளோ, தோட்டங்கள் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறி, பிறகு வீட்டுமனையாக விற்கப்பட்டபோது, லயத்தையும் வேலையையும் ஒரே நாளில் இழந்து நகரத்தின் ஓரத்தில் ஒதுங்கினார்கள். அந்த நாட்டுக் கம்பெனிப் பங்குகளில் இந்தியர் கையில் இருந்தது பல பத்தாண்டுகளாக ஒரு சதவீதத்தை ஒட்டியே நின்றது. 2007 நவம்பரில் கோலாலம்பூர் தெருவில், இந்தியர் உரிமைகளுக்காக ஹிண்ட்ராஃப் அமைப்பு நடத்திய ஊர்வலத்துக்கு அத்தனை ஆயிரம் பேர் ஏன் திரண்டார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரு கூட்டத்துக்கும் ஒரே மொழி, ஒரே முருகன், பத்துமலையில் ஒரே காவடி. இருவருமே சிறுபான்மை. 1971-க்குப் பிறகு மலாய்க்காரர்களுக்கு முன்னுரிமை தந்த பொருளாதாரக் கொள்கை இருவரையும் சேர்த்தே ஒதுக்கியது. ஆனாலும் ஒரு தெருவில் டாக்டர் வீடு, அடுத்த தெருவில் வேலையில்லாத பையன்கள். தமிழ்ப் பண்பாடு எந்த வீட்டில் இருக்கிறது?

பல வருடம் முன்னால் கிள்ளானுக்குப் போகும் வழியில் ஒரு டாக்சிக்காரர் என்னிடம் உரிமையோடு சொன்னார், "உங்க ஆளுங்க குடிக்கிறாங்க, பிள்ளைங்களைப் படிக்க வைக்கிறதில்லை, அடிதடி." அவர் சீனர், நல்ல மனிதர், இறங்கும்போது பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். நான் பதில் சொல்லவில்லை. அறைக்குப் போய் வெகுநேரம் கோபமாக இருந்தேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்த டாக்சி நினைவுக்கு வந்தது.

நைஜீரியர்களும் ஜமைக்காக்காரர்களும் உங்கள் கேள்வியில் வருகிறார்கள். கரீபியக் கறுப்பர்களைக் காட்டி, நிறம் காரணமில்லை என்று பொருளியலாளர் தாமஸ் சோவெல் 1970-களிலேயே வாதிட்டவர், எனவே இது புதிய கேள்வியும் அல்ல. அங்கேயும் அதே சல்லடை வேலை செய்கிறது என்பதுதான் என் பதில். அமெரிக்காவுக்கு வரும் நைஜீரியர்கள் அமெரிக்காவிலேயே அதிகம் படித்த கூட்டங்களில் ஒன்று. ஆனால் படிப்பில் இந்தியர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் அவர்களின் குடும்ப வருமானம் இந்தியர்களுக்குப் பக்கத்தில் இல்லை. அதில் தொழில்துறை வித்தியாசமும் உண்டு, எல்லாம் நிறம்தான் என்று சொல்ல மாட்டேன்.

நிறம் இன்றும் வேலை செய்கிறது என்பதற்குத் தனியாகச் சோதனைகள் இருக்கின்றன. சமூகவியலாளர் டெவா பேஜர் மில்வாக்கி நகரத்தில் ஒரே மாதிரித் தகுதிகளோடு இளைஞர்களை வேலை கேட்டு அனுப்பினார், முடிவை 2003-இல் வெளியிட்டார். சிறைக்குப் போனதாகச் சொன்ன வெள்ளையரை 100-க்கு 17 இடங்களில் திரும்ப அழைத்தார்கள். எந்த வழக்கும் இல்லாத கறுப்பரை 14 இடங்களில். தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட ராஜ் செட்டியின் குழு 2018-இல் காட்டியது எனக்கு இன்னும் சங்கடமானது. ஒரே வருமானமுள்ள வீடுகளில், ஒரே தெருவில் வளர்ந்தாலும், பெரும்பாலான இடங்களில் கறுப்பின ஆண்பிள்ளைகள் வெள்ளையின ஆண்பிள்ளைகளைவிடக் குறைவாகவே சம்பாதிக்கிறார்கள். பெண்பிள்ளைகளிடம் அந்த வித்தியாசம் ஏறக்குறைய இல்லை. குடும்பக் கட்டுக்கோப்புதான் காரணம் என்றால் ஒரே வீட்டு அக்காவுக்கும் தம்பிக்கும் ஏன் வேறு வேறு பலன்?

நீங்கள் சேமிப்பையும் சொன்னீர்கள். அதற்குப் புத்தகம் வேண்டாம், உங்கள் வேலைக்குப் போகும் சாலையே போதும். பிளேனோவிலிருந்து டல்லாஸுக்குள் 75-ஆம் நெடுஞ்சாலையில்தானே போகிறீர்கள்? டவுன்டவுனை நெருங்கும் இடத்தில் அது விடுதலையான அடிமைகள் கட்டிக்கொண்ட ஃப்ரீட்மன்ஸ் டவுனைக் கிழித்துக்கொண்டு போகிறது. 1940-களில் அந்தச் சாலையைப் போட்டபோது அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தின் ஒரு பகுதிக்கு மேலேயே தார் ஊற்றினார்கள். 1990-களின் தொடக்கத்தில் சாலையை அகலப்படுத்தத் தோண்டியபோது 1,157 பேரின் எச்சங்களை எடுத்து வேறிடத்தில் புதைக்க வேண்டியிருந்தது. சேமித்து வாங்கிய வீட்டுக்கு என்ன ஆனது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

சேமிக்காதவர்களுக்கும் வீடு வாங்கிக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சிப்பாய்களுக்கு அரசு உத்தரவாதத்தோடு கடன் கொடுத்தார்கள். 1947-இல் மிசிசிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் வீடு, தொழில், பண்ணைக்காக அப்படிக் கொடுத்த 3,229 கடன்களில் கறுப்பினச் சிப்பாய்களுக்குக் கிடைத்தவை 2. அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் சொத்து என்பது பெரும்பாலும் வீடுதான். அப்பா வாங்கிய வீடு, மகனின் கல்லூரிக்கு அடமானம், பேரனுக்கு முன்பணம். 2022 கணக்கில் நடுவில் நிற்கும் வெள்ளையினக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்தினுடையது சுமார் 45,000. வருமான இடைவெளியைவிடச் சொத்து இடைவெளி இத்தனை பெரிதாக இருப்பது ஊதாரித்தனத்தால் அல்ல.

நீங்கள் பிளேனோவில் வீடு வாங்கியபோது முதலில் பார்த்தது பள்ளியின் மதிப்பெண்ணைத்தான் என்று நினைக்கிறேன். நானும் அதைத்தான் பார்த்திருப்பேன். பள்ளிச் செலவில் கணிசமான பங்கு வீட்டு வரியிலிருந்து வருகிற நாட்டில், நல்ல பள்ளி இருக்கும் இடத்தில் வீட்டு விலை ஏறும், விலை ஏறினால் பள்ளிக்குப் பணம் சேரும். (டெக்சாஸில் பணக்காரப் பள்ளி மாவட்டங்களிடம் ஒரு பங்கைப் பிடுங்கி ஏழை மாவட்டங்களுக்குக் கொடுக்கிறார்கள். உங்கள் பிளேனோ நிறையக் கட்டுகிற பக்கம், அதற்காக நீங்கள் முணுமுணுத்தும் இருக்கலாம்.)

உங்கள் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏழையாக வந்த குடியேறிகளின் பிள்ளைகளும் அமெரிக்காவில் மேலே ஏறுகிறார்கள், அதே வருமானமுள்ள உள்ளூர்க்காரர்களின் பிள்ளைகளைவிட வேகமாக. இதை வெறும் சல்லடை என்று தள்ளிவிட முடியாது. வேலை எங்கே இருக்கிறதோ அங்கே போய்க் குடியிருப்பது, படித்துவிட்டு டாக்சி ஓட்டும் அப்பா மகனிடம் தன் பழைய பாடப்புத்தகத்தைத் திறப்பது, ஊரைவிட்டு வந்தவனின் வெறி, எல்லாம் அதில் உண்டு. உங்கள் தபால்கார அப்பா சாயங்காலம் உங்களை உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார். அதன் மதிப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் தெற்கு டல்லாஸிலும் அப்படி உட்கார வைத்த அப்பாக்கள் இருந்தார்கள், அவர்களின் மகன்களுக்கு எச்-1பி போல ஒரு வாசல் இருக்கவில்லை.

லெமன் அவென்யூவும் 75-உம் சேரும் மூலையில் அந்தக் கல்லறைக்கு ஒரு நினைவிடம் கட்டியிருக்கிறார்கள். சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள். போகிற வழியில் எட்டு டாலர் கதையின் மீதியைச் சொல்லுங்கள். பெரியப்பா உயிரோடு இருந்தால் அவரிடமே கேட்டுவிட்டு, அவர் என்ன படித்தார், யார் பணத்தில் படித்தார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்