கேளுங்க, சுபேதார் சொல்றார்: ராணுவத் தொழில்நுட்பம் படிக்கலாமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்தாலும் வந்தது, இந்த முறை கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். முழங்கால் வலி, பென்ஷன் அரியர்ஸ் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். பென்ஷன்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நானும் உங்கள் கட்சிதான்.

கேள்வி: அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் நல்ல மார்க். ஒரு தனியார் கல்லூரியின் ஆள் வீட்டுக்கே வந்து, 'டிஃபென்ஸ் டெக்னாலஜி' பி.டெக். படித்தால் நேராக டி.ஆர்.டி.ஓ.வில் (மத்திய அரசின் ராணுவ ஆராய்ச்சி நிறுவனம்) வேலை என்கிறார். அப்பா தக்காளி போடும் நிலத்தை அடமானம் வைக்கத் தயாராகிவிட்டார். சேரலாமா ஐயா?
– மாணவி, பாலக்கோடு

பதில்: கண்ணு, முதலில் அப்பாவிடம் சொல்லி நிலப் பத்திரத்தைத் திரும்ப பீரோவில் வைக்கச் சொல். மீதியை அப்புறம் பேசலாம்.

டி.ஆர்.டி.ஓ.வில் விஞ்ஞானி 'பி' என்கிற ஆரம்ப நிலைப் பதவிக்கு ஆள் எடுப்பது ஆர்.ஏ.சி. என்கிற அவர்களுடைய தேர்வு மையம். இந்தியா முழுக்க விளம்பரம் வரும், இன்ஜினீயரிங் படித்தவர்கள் எழுதுகிற கேட் என்ற தேசியத் தேர்வின் மார்க்கைப் பார்த்து இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவார்கள். வீடு தேடி வந்த அந்த ஆளின் கல்லூரிக்கென்று அங்கே தனி வாசல் எதுவும் திறந்து வைக்கவில்லை. பழைய விளம்பரம் ஒன்றை டவுன்லோட் பண்ணிப் பார். எலெக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ், எலெக்ட்ரிக்கல், மெட்டலர்ஜி, ஏரோநாட்டிக்கல், கெமிக்கல், இயற்பியல், வேதியியல், கணிதம் என்று துறைவாரியாக இடம் போட்டிருப்பார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, "என் பட்டத்தின் பேர் இதில் எந்த வரியில் வரும்?" என்று அந்த ஆளையே கேள். டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

டிஃபென்ஸ் டெக்னாலஜி என்ற படிப்பு பொய் இல்லை. 2021-ல் தொழில்நுட்பக் கல்லூரிகளை மேற்பார்க்கிற ஏ.ஐ.சி.டி.இ.யும் டி.ஆர்.டி.ஓ.வும் சேர்ந்து கொண்டு வந்தார்கள். ஆனால் அது எம்.டெக். போர்த் தொழில்நுட்பம், விமானம், கடற்படை, தகவல் தொடர்பும் சென்சாரும், லேசர் மாதிரியான ஆற்றல் ஆயுதங்கள், உயர் ஆற்றல் வேதிப்பொருள் என்று ஆறு பிரிவு. புனேயில் டி.ஐ.ஏ.டி. என்று ராணுவ அமைச்சகத்தின் கீழேயே ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1952-ல் ஆயுதப் படிப்புக்கென ஆரம்பித்தது. அங்கேயும் முக்கியமாக முதுநிலையும் ஆராய்ச்சியும்தான். அடித்தளம் போட்டுக்கொண்டு வா, மேல்மாடி நாங்கள் கட்டுகிறோம் என்பதுதான் அவர்கள் கணக்கு.

நீ ஆறாம் வகுப்பில் இருந்தே அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உனக்கு உண்டு. 2021-ல் இருந்து இன்ஜினீயரிங்குக்கும் அது வந்துவிட்டது. கல்விக் கட்டணம், விடுதிச் செலவு இரண்டையும் அரசே கட்டுகிறது. செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது, பர்கூரில் 1994-ல் இருந்தே இருக்கிறது. வீட்டில் இருந்து பஸ் ஏறிப் போகிற தூரம். எலெக்ட்ரானிக்ஸோ மெக்கானிக்கலோ எடு. மூன்றாம் வருஷமே கேட் தேர்வுக்குப் படிக்க ஆரம்பி. அதில் தேறி அங்கீகாரம் பெற்ற எம்.டெக்.கில் சேர்ந்தால் மாசம் 12,400 ரூபாய் உதவித்தொகை. அடமானம் வைத்துப் படிப்பது ஒரு வழி, சம்பளம் மாதிரி வாங்கிக்கொண்டு படிப்பது ஒரு வழி. அப்பாவிடம் இந்த வரியை மட்டுமாவது வாசித்துக் காட்டு.

கேள்வி: சாதாரண மெக்கானிக்கலுக்கும் ராணுவத் தொழில்நுட்பத்துக்கும் அப்படி என்னதான் வித்தியாசம்? இரும்பு இரும்புதானே?
– பிளஸ் ஒன் மாணவன், ஊத்தங்கரை

பதில்: நல்ல கேள்வி தம்பி. இதற்குத்தான் நான் காத்திருந்தேன்.

நான் இருந்தது இ.எம்.இ. என்கிற படைப்பிரிவில். சண்டை போடுகிறவன் உடைத்துக்கொண்டு வருவதை ஒட்டித் திருப்பி அனுப்புகிற வேலை. லடாக்கில் விடியற்காலை லாரி கிளம்பாது. என்ஜினில் ஒரு கோளாறும் இருக்காது. டீசலில் இருக்கிற மெழுகு குளிரில் கட்டி தட்டி ஃபில்டரை அடைத்திருக்கும். டீசல் டேங்குக்கு அடியில் ஸ்டவ்வை வைத்துச் சூடு காட்டுவோம். இப்போது சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். 2019-ல் இந்தியன் ஆயில் லடாக்குக்கென்றே மைனஸ் 33 டிகிரி வரைக்கும் உறையாத டீசல் கொண்டு வந்தது. ஸ்டவ் வேலையை ஒழித்தது ஒரு வேதியியல்காரனின் ஆய்வகம்.

வயர்லெஸ் செட்டைப் பார். குளிரில் பேட்டரி பாதி உயிரோடுதான் இருக்கும். ரப்பர் கேஸ்கெட் விறைத்து விரிசல் விடும். கனமான கையுறை போட்டவனால் சின்னப் பொத்தானை அழுத்த முடியாது. கையுறையைக் கழற்றி வெறும் உலோகத்தைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு வரும். அதே செட்டை ஜெய்சல்மேர் மணலுக்கு அனுப்பினால் வேறு கதை: தூசி, ஐம்பது டிகிரி வெயில், ஜீப்பின் குலுக்கல். இதற்கெல்லாம் ஜே.எஸ்.எஸ். 55555 என்று ஒரு தர விதி உண்டு. ஐந்து தடவை அஞ்சு. சூட்டில் வைப்பார்கள், உறைய வைப்பார்கள், குலுக்குவார்கள், மழை பொழிவார்கள், உப்புக் காற்றில் போடுவார்கள். அத்தனைக்கும் பிறகு வேலை செய்தால்தான் ராணுவம் வாங்கும். கடையில் விற்கிற பொருளுக்கு யார் இவ்வளவு பாடு படுத்தப் போகிறார்கள்?

இன்னொன்று சொல்கிறேன், இது எனக்கு ரொம்பப் பிடித்தது. பீரங்கியில் குண்டைத் தள்ளுகிற மருந்து வெடிப்பதில்லை, எரிகிறது. வேகமாக, ஆனால் கணக்காக. குண்டு குழாயில் நகர நகர அதற்குப் பின்னால் இடம் பெரிதாகும், அழுத்தம் குறையப் பார்க்கும். மருந்து வெறும் குச்சியாக இருந்தால் வெளியில் இருந்து எரிந்து தேய்ந்துகொண்டே போகும். எரிகிற பரப்பும் குறையும், வாயுவும் குறையும். அதனால் மருந்தை முறுக்கு அச்சில் பிழிவதுபோலப் பிழிந்து, ஒவ்வொரு துண்டிலும் நீளவாக்கில் ஏழு துளை விடுகிறார்கள். வெளிப்பக்கம் தேயும்போது உள்ளே துளைகள் பெரிதாகின்றன. மொத்தத்தில் எரிகிற பரப்பு கூடுகிறது, கடைசி வரைக்கும் உந்துதல் விடாது. நீலகிரி அருவங்காட்டுத் தொழிற்சாலையில் காலங்காலமாகச் செய்வது இந்த மாதிரி மருந்துதான். உன் பள்ளிக்கூடப் பரப்பளவுக் கணக்கு எதற்கு என்று கேட்பாயே, இதற்குத்தான்.

இரும்பு இரும்புதானே என்றாய். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாராமகால் சீமை 1792 வரைக்கும் மைசூர்க்காரர்கள் கையில் இருந்தது. ஹைதரும் திப்புவும் ராக்கெட் மருந்தை மூங்கிலிலோ அட்டையிலோ அடைக்காமல் இரும்புக் குழாயில் அடைத்தார்கள். குழாய் தாங்குகிறதால் உள்ளே அழுத்தம் ஏறியது, தூரம் கூடியது. பிடிபட்ட ராக்கெட்டுகளை வெள்ளைக்காரன் இங்கிலாந்தில் வூல்விச் ஆயுதசாலைக்கு எடுத்துப் போனான். அதை வைத்துத்தான் காங்கிரீவ் என்கிற ஆங்கிலேயன் தன் ராக்கெட்டைச் செய்தான். எந்த இரும்பு, எவ்வளவு கனம் என்பதில்தான் தம்பி எல்லாமே.

கேள்வி: என் மகன் ஆயுத ஆராய்ச்சிதான் படிப்பேன் என்று நிற்கிறான். ஆளைக் கொல்கிற சாமானைச் செய்யவா பிள்ளையைப் பெற்றோம் என்று எனக்கு மனசு ஆறவில்லை.
– ஒரு தாய், ஓசூர்

பதில்: அம்மா, பாவ புண்ணியம் சொல்ல நான் பூசாரி இல்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

டி.ஆர்.டி.ஓ. என்றால் ஏவுகணை மட்டும் இல்லை. மைசூரில் ஓர் ஆய்வகம் முழுக்கச் சாப்பாட்டுக்கு. பனிமலையில் எங்களுக்குப் பாக்கெட்டில் சூடாக்கிச் சாப்பிடக் கிடைத்தது அவர்கள் புண்ணியம். பெங்களூரில் ஓர் ஆய்வகம் விமானிக்கு ஆக்ஸிஜன் கருவி செய்கிறது. கொச்சியில் இருக்கிறவர்கள் கடலுக்கடியில் ஒலியை வைத்துக் கப்பலைக் கண்டுபிடிக்கிறார்கள். ஏவுகணைக்குச் செய்த எடை குறைந்த பொருளில் இருந்து, போலியோ பாதித்த குழந்தைகளுக்குச் சில நூறு கிராம் எடையில் காலிப்பர், அதாவது காலைத் தாங்கும் கருவி, செய்து கொடுத்தது கலாம் இருந்த ஐதராபாத் ஆய்வகம்.

ஆனால் இதையெல்லாம் சொல்லி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க மாட்டேன். குண்டு செய்கிறவன் குண்டுதான் செய்கிறான். உங்கள் மனசு உறுத்துவது தப்பே இல்லை. பையனுக்கும் கொஞ்சம் உறுத்தினால் நல்லதுதான். ராடாரா, கவச வாகனமா, வெடிமருந்தா என்று அவன்தான் யோசித்துத் துறையை எடுக்க வேண்டும். நான் கவசத்தின் பக்கம். உள்ளே இருக்கிறவன் உயிரோடு வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வேறொன்றுக்கு மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். அரசு ரகசியச் சட்டம் 1923-ல் போட்டது, இன்னும் இருக்கிறது. பையன் தீபாவளிக்கு வந்தால் என்ன வேலை பார்க்கிறான் என்று உங்களிடமே சொல்ல மாட்டான். வெளிநாடு போகவும் அனுமதி வாங்க வேண்டும். ஃபேஸ்புக்கில் படம் போடுகிற பிள்ளையாக இருந்தால் முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

நீங்கள் ஓசூர்க்காரர் என்பதால் ஒன்று: தமிழ்நாட்டு ராணுவத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் ஓசூரும் ஒன்று. மைக்ரான் கணக்கில் கடைசல் பிடிக்கத் தெரிந்து, ஏ.எஸ். 9100 என்கிற விமானத் தொழில் தரச் சான்றும் வாங்கிய பட்டறைக்கு ராணுவ, விமான ஆர்டர் வர வழி இருக்கிறது. ஆய்வகம்தான் வேண்டும் என்று இல்லை, வீட்டுப் பக்கத்திலேயே இந்தப் படிப்புக்கு வேலை உண்டு.

கேள்வி: சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்புத் துறைப் படிப்பு இருக்கிறதாமே, அதுவும் இதுவும் ஒன்றா?
– ஆசிரியர், காவேரிப்பட்டணம்

பதில்: இல்லை சார். அது போர் வரலாறு, வெளியுறவு, பாதுகாப்புக் கொள்கை. நல்ல படிப்பு, சிவில் சர்வீஸ் எழுதுகிறவர்களுக்கு உதவும். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிற வேலை அதில் இல்லை. சீருடையும் வேண்டும், இன்ஜினீயரிங்கும் வேண்டும் என்கிற பிள்ளைக்கு என்.டி.ஏ. என்கிற தேசிய பாதுகாப்பு அகாடமித் தேர்வு வருஷத்துக்கு இரண்டு முறை. பெண் பிள்ளைகளையும் 2022-ல் இருந்து சேர்க்கிறார்கள். கடற்படை, விமானப்படைப் பிரிவுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் கட்டாயம்.

கேள்வி: நான் டிப்ளமா எலெக்ட்ரானிக்ஸ். எனக்கு இதில் வழி உண்டா?
– வாசகர், அரூர்

பதில்: தாராளமாக. டி.ஆர்.டி.ஓ.வில் சீனியர் டெக்னிக்கல் அசிஸ்டென்ட் பதவிக்கு டிப்ளமாக்காரர்களை எடுக்கிறார்கள். செப்டம் என்ற பிரிவு தேர்வு நடத்தும். ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு டெக்னீஷியன் பதவி. ஆனால் விண்ணப்பிக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. நம்ம ஊரில் பத்தாம் வகுப்பு சர்டிஃபிகேட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், சாதிச் சான்றிதழில் அப்பா பேரே முழுசாக இருக்கும். வடக்கே உட்கார்ந்து சரிபார்க்கிறவருக்கு இவை மூன்றும் மூன்று ஆள். இ-சேவை மையத்தில் கூட்டம் குறைந்த நாளாகப் பார்த்துப் போய் மூன்றையும் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள், விளம்பரம் வந்த பிறகு ஓடினால் நடக்காது.