மகன் ஃபோட்டானிக் கிரிஸ்டல் படிக்கிறேன் என்கிறான், விடலாமா?

வணக்கம் சார். ஈசிஈ மூன்றாம் வருஷம் படிக்கிற மகன், கேம்பஸில் வருகிற சாஃப்ட்வேர் வேலை வேண்டாம், ஃபோட்டானிக் கிரிஸ்டலில் மேற்படிப்புதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான், அதற்கெல்லாம் வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பெயரிலேயே வேலை தேடினால் அநேகமாகக் கிடைக்காது. அதற்காக அவன் ஆசை வீண் என்று ஆகிவிடாது.

முதலில் அது எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். ஊர் விட்டு ஊர் போகும் ஆப்டிகல் ஃபைபரில் ஒரே இழைக்குள் பல அலைநீள ஒளிகள், ஒவ்வொன்றும் ஒரு சேனலாக, சேர்ந்து ஓடுகின்றன, 1550 நானோமீட்டரை ஒட்டி, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் பல இடங்களில் 0.8 நானோமீட்டர்தான் இடைவெளி. மறுமுனையில் அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். அதற்கு ஒரு வழிதான் ஃபோட்டானிக் கிரிஸ்டல். சிலிக்கான் தகட்டில் சுமார் 400 நானோமீட்டருக்கு ஒன்றாக வரிசை வரிசையாகத் துளை போட்டால் குறிப்பிட்ட அலைநீளங்களில் வரும் ஒளியால் அதற்குள் நுழையவே முடியாது. ஒரு வரிசையை மட்டும் துளைக்காமல் விட்டால் அது ஒளிக்குப் பாதை. பக்கத்தில் ஓரிரு துளைகளைப் போடாமல் விட்டுவிட்டால் அந்த இடத்தில் அதற்குரிய அலைநீளம் மட்டும் இறங்கிக்கொள்ளும், மற்றவை நேரே போய்விடும். யாப்லோனோவிச், சஜீவ் ஜான் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 1987இல் தனித்தனியாகத் தொடங்கிவைத்த விஷயம் இது.

சிக்கல் செய்முறையில். துளையின் ஆரம் ஒரு நானோமீட்டர் பிசகினாலே சேனல் பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விடும். அதனால்தான் சந்தையில் இந்த வேலையை இன்றைக்கும் பெரும்பாலும் மெல்லிய படல ஃபில்டர்களும் அலைவழி கிரேட்டிங்குகளும் செய்கின்றன. (மெல்லிய படல ஃபில்டரும் ஒருவகையில் ஒற்றைப் பரிமாண ஃபோட்டானிக் கிரிஸ்டல்தான், பெயர்தான் வேறு.) "ஆரம் ஒரு நானோமீட்டர் கூடினால் என்ன ஆகும்?" என்று உங்கள் மகனிடமே கேளுங்கள். விழித்தான் என்றால் ஆசை இன்னும் யூடியூப் அளவில்தான் நிற்கிறது. கணக்குப் போட உட்கார்ந்தான் என்றால் தாராளமாக விடுங்கள்.

சம்பளம் கொடுப்பது சிமுலேஷன், சிப் லேஅவுட், கிளீன்ரூம் (தூசியே இல்லாத சிப் தயாரிப்புக் கூடம்) அனுபவம், அளவீடு இதற்கெல்லாம்தான். டேட்டா சென்டருக்கான ஆப்டிகல் சிப் செய்கிறவர்கள் தேடுவதும் இந்த ஆட்களைத்தான். கொச்சி குசாட் பல்கலைக்கழகத்தில் ஃபோட்டானிக்ஸுக்கென்றே தனித் துறை இருக்கிறது. ஐஐடி மெட்ராஸிலும் பெங்களூரு ஐஐஎஸ்ஸியிலும் சிலிக்கான் ஃபோட்டானிக்ஸ் ஆராய்ச்சி நடக்கிறது, அதற்கு கேட் (GATE) நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். கிளீன்ரூம் இல்லாத இடத்தில் சிமுலேஷன் மட்டும் செய்து பட்டம் வாங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அதுவரை அமெரிக்காவின் எம்ஐடியில் உருவான, ஒளி எப்படிப் போகும் என்று கணக்கிட்டுக் காட்டும் மீப் என்ற மென்பொருளை, இலவசம்தான், லேப்டாப்பில் போட்டு ஒரு ஃபில்டரை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் என்னோடு பேசட்டும். வரும்போது கலர் கலரான படம் வேண்டாம், அந்தத் துளைப் பிசகுக்கான கிராஃபைக் கொண்டுவந்தால் போதும்.