தோளில் ஒரு மரம்: வாசகர் கேள்வி - பதில்

வாசகர், அபர்தீன், ஸ்காட்லாந்து: எண்ணெய்த் துறையில் பொறியாளராக இருக்கிறேன், வயது 42. சென்ற செப்டம்பரில் குடும்பத்தோடு பிரேமார் என்ற ஊருக்குச் சென்று, ஸ்காட்லாந்தின் மரபான ஹைலண்ட் விளையாட்டுகளைப் பார்த்ததிலிருந்து, கில்ட் என்னும் மடிப்புப் பாவாடையைக் கட்டிக்கொண்டு மரத்தைத் தூக்கி எறியும் அந்த 'ஹெவி' வீரர்களே மனத்தில் நிற்கிறார்கள். மூன்று ஆண்டுகளாக உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்கி வருகிறேன். நானும் இதில் இறங்கலாமா? கேபர் என்னும் அந்த நீண்ட மரத்திலிருந்தே தொடங்கலாமா?

பதில்: தாராளமாக இறங்கலாம், ஆனால் கேபரிலிருந்து தொடங்க வேண்டாம். பார்க்க வருகிறவர் கண்ணில் முதலில் படுவது கேபர்தான் என்றாலும், புதிதாகப் பழகுகிறவர் கடைசியாகத் தொட வேண்டியதும் அதுவே. பிரேமாரின் புகழ்பெற்ற கேபரின் நீளம் 19 அடி 9 அங்குலம்; எடை 132 பவுண்டு, அதாவது சுமார் 60 கிலோ. அறுபது கிலோவைக் கூடத்தில் நீங்கள் பேசிக்கொண்டே தூக்கிவிடுவீர்கள். அங்கே எடை கம்பியின் இரு முனைகளிலும் சமமாகத் தொங்கும். இங்கேயோ மரத்தின் ஒல்லியான முனை உங்கள் உள்ளங்கையில் இருக்க, தடித்த முனை தலைக்கு மேலே வெகு உயரத்தில் காற்றுக்கு ஆடிக்கொண்டிருக்கும்.

என் முதல் அனுபவத்தைச் சொன்னால் விளங்கும். பயிற்சிக்கென்று வைத்திருந்த 14 அடி மரம் அது. இரண்டு பேர் அதை நிமிர்த்தி என் தோளில் சாய்த்தார்கள். விரல்களைக் கோத்துக்கொண்டு, மரத்தைக் கழுத்தோடு அணைத்தபடி குந்தி, கைகளை அடிவரை வழுக்கிக்கொண்டு போய், ஒரு வெட்டு வெட்டி மேலே தூக்கி, அது காற்றில் இருக்கும் அந்த நொடிக்குள் இரு கைகளையும் அடிமுனைக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். நான்காவது முயற்சியில் தூக்கிவிட்டேன். அதன் பிறகு மரம் போன பக்கமெல்லாம் நான் போனேன். கடைசியில் அது ஒரு பக்கமாகச் சாய, விட்டுவிட்டு ஓடினேன். அப்படி ஓடுவது தவறில்லை. கைமீறிய கேபரை விட்டுவிட்டு விலகுவதுதான் அங்கே சொல்லித்தரும் முதல் பாடம். காறை எலும்பின் மேல் தோல் உரிந்த தழும்பு இரண்டு வாரம் இருந்தது.

ஆகவே கல்லிலிருந்து தொடங்குங்கள். கல் எறிதலில் இரண்டு வகை உண்டு. பிரேமார் கல் என்பது ஓடிவராமல் நின்ற இடத்திலிருந்தே எறிவது. அதனால் கல்லும் கனமாக இருக்கும். மற்றது, ஓடியோ சுழன்றோ வந்து எறியும் ஓப்பன் கல். 16 பவுண்டிலிருந்து 22 பவுண்டு வரை இருக்கும். குண்டு எறிதலை நீங்கள் பள்ளியில் பழகியிருந்தால் பாதி வேலை முடிந்தது. கல்லைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. ஆற்றோரத்தில் உருண்டையாக ஒன்றைத் தேர்ந்து, குளியலறைத் தராசில் முதலில் நீங்கள் மட்டும் ஏறி, பிறகு கல்லோடு ஏறிப் பாருங்கள். வித்தியாசம்தான் கல்லின் எடை. ஏழு கிலோவுக்குச் சற்று மேலே இருந்தால் போதும்.

அடுத்தது எடைக்கல். கைப்பிடியும் சங்கிலியும் கோத்த இரும்புக் குண்டை ஒற்றைக் கையால் தொலைவுக்கு எறிவது. 28 பவுண்டு (12.7 கிலோ), 56 பவுண்டு (25.4 கிலோ) என்ற இந்தக் கணக்குகள் எங்கிருந்து வந்தன என்று யோசித்திருப்பீர்கள். பழைய பிரிட்டிஷ் அளவையில் 14 பவுண்டு சேர்ந்தது ஒரு ஸ்டோன். 56 பவுண்டு என்பது நான்கு ஸ்டோன், அரை ஹண்ட்ரட்வெயிட். தானியமும் கம்பளியும் நிறுத்த சந்தைப் படிக்கற்கள்தான் விளையாட்டுக் கருவிகளாயின. இந்த 56 பவுண்டு எறிதல் 1904, 1920 ஆகிய இரு ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெற்றுப் பின்னர் மறைந்தது என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

எடைக்கல் எறிதலில் உங்கள் தசைவலிமை உங்களுக்கே பகையாகும். ஒன்பது அடி நீளத்துக்குள் இரண்டு சுற்றுச் சுற்றி, முன்னே 'டிரிக்' என்று சொல்லும் மரக்கட்டையைத் தாண்டாமல் விட வேண்டும். புதிதாக வருகிற வலுவான ஆட்கள் கையை மடக்கி இழுப்பார்கள். எடைக்கல் அங்கேயே நின்றுவிடும். கை கயிறுபோலத் தளர்ந்து நீண்டிருக்க, இடுப்பும் கால்களும் முன்னே போக, எடைக்கல் பின்னே இழுபட்டு வர வேண்டும். முதல் இரண்டு மாதம் 28 பவுண்டைக்கூடத் தொடாமல், கெட்டில்பெல் போன்ற எட்டுப் பத்துக் கிலோ எடையை வைத்துக்கொண்டு சுற்றிப் பழகுவதே நல்லது என்பது என் கருத்து. கூடத்தில் தூக்கிப் பழகியவருக்கு இது அவமானமாகத் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுத்தியல் மூன்றாவது. ஒலிம்பிக் சுத்தியல் கம்பியில் தொங்கும். வீரர் வட்டத்துக்குள் சுழல்வார். ஸ்காட்டிஷ் சுத்தியலுக்குச் சுமார் 50 அங்குல நீளத்தில் விறைப்பான காம்பு உண்டு. எறிபவரின் பாதம் நகரவே கூடாது. களத்துக்கு முதுகைக் காட்டி நின்று, தலையைச் சுற்றி மூன்று நான்கு முறை சுழற்றி, தோளுக்கு மேலே பின்னோக்கி விட வேண்டும். அந்த விசை ஆளையே தூக்கிப் போய்விடும் என்பதற்காகவே, முனையில் கத்தி போன்ற தகடு பதித்த பூட்ஸை அணிந்து அதைத் தரையில் குத்தி நிற்கிறார்கள். ஆண்களுக்கு 16, 22 பவுண்டு. நீங்கள் ஏழெட்டுப் பவுண்டில் தொடங்கலாம். சொந்தமாகச் செய்யும் பயிற்சிச் சுத்தியலுக்குப் பலர் பிவிசி குழாயையே காம்பாக்குகிறார்கள், தவறில்லை. ஆனால் ஒவ்வொரு எறிதலுக்கு முன்னும் காம்பில் விரிசல் உண்டா, தலை ஆடுகிறதா என்று கையால் அசைத்துப் பார்க்காமல் சுழற்றாதீர்கள். பக்கவாட்டிலும் யாரும் நிற்கக் கூடாது. கைதவறிய சுத்தியல் எந்தத் திசையிலும் போகும்.

56 பவுண்டை ஒற்றைக் கையால் தலைக்குப் பின்னே குறுக்குக் கம்பத்துக்கு மேலாகத் தூக்கி எறிவதை ஆறு மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். எறிந்தவுடன் அண்ணாந்து பார்த்தபடி விலக வேண்டும் என்பது சொன்னால் வேடிக்கையாக இருக்கும். ஆனால் அந்த 25 கிலோ நீங்கள் நின்ற இடத்துக்கு அருகில்தான் திரும்பி வரும். வைக்கோல் அடைத்த சாக்கை இரும்புக் கவையால் குத்தி உயரே வீசுவதும் ஒரு போட்டிதான். எல்லா ஊரிலும் அது கிடையாது.

உடற்பயிற்சிக் கூடத்தில் செய்யும் பயிற்சியை விட வேண்டாம். குந்தி எழுதல், தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிரும் டெட்லிப்ட், நின்றபடி தலைக்கு மேல் தள்ளுதல் ஆகியவை போதும். மார்புக்கும் கைக்கும் செலவிடும் நேரத்தை முதுகுக்கும் தொடைக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். நாற்பதைக் கடந்தவர்களுக்கு முழங்கைக்கு மேலுள்ள தசைநார் அறுந்துபோகும் ஆபத்து கேபரில் இருக்கிறது. கையை மடக்கி இழுக்காமல் காலால் தூக்க வேண்டும் என்று பழகிய வீரர்கள் ஓயாமல் சொல்வது அதனால்தான். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மாஸ்டர்ஸ் என்ற தனிப்பிரிவு பல நாடுகளில் இருக்கிறது.

நீங்கள் இருக்கும் ஊரோ இந்த விளையாட்டின் வாசற்படி. டீ (Dee) ஆற்றங்கரையோடு மேற்கே போனால் அபாய்ன், பாலட்டர், பிரேமார் என்று வரிசையாகப் போட்டிகள். கோடைக்காலம் முழுவதும் ஏதோ ஓர் ஊரில் நடந்துகொண்டே இருக்கும். பெரிய விழாவில் வீரர்களை அணுக முடியாது. சிறிய ஊர் விழாவுக்குப் போய், போட்டி முடிந்து அவர்கள் கருவிகளை வண்டியில் ஏற்றும் நேரத்தில் சுத்தியலைத் தூக்கிக் கொடுத்தபடி பேச்சுக் கொடுங்கள். 'வார இறுதியில் பயிற்சிக்கு வா' என்று சொல்லாத ஹெவி வீரரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

வாசகி, டொராண்டோ: கனடாவில் பெண்களும் போட்டியிடுவதைப் பார்த்தேன். எனக்கு 34 வயது. எடை 58 கிலோதான். இந்த உடம்போடு கலந்துகொண்டால் சிரிப்பார்களா?

பதில்: சிரிக்க மாட்டார்கள். பெண்களுக்கான கருவிகளே வேறு: சுத்தியல் 12, 16 பவுண்டு, தொலைவுக்கு எறியும் எடைக்கல் 14, 28 பவுண்டு, உயரத்துக்கு எறிவதும் 28 பவுண்டே. வட அமெரிக்கப் போட்டிகள் பலவற்றில் உடல் எடை குறைந்தோருக்குத் தனிப்பிரிவும் நடத்துகிறார்கள். 14 பவுண்டு என்பது ஆறரைக் கிலோகூட இல்லை. நம் வீட்டு இட்லிக் கிரைண்டரின் குழவியைக் கழுவித் தூக்கி வைக்கிற பெண்ணுக்கு அந்தக் கனம் புதிதல்ல, சுற்றுவதுதான் புதிது. சுத்தியலில் உங்களைவிடக் கனமானவர்களை நீங்கள் வெல்லவும் கூடும், ஏனென்றால் அதில் நேரம் தவறாமல் விடுவதிலேயே பாதி வெற்றி.

உங்கள் மாகாணத்திலேயே மேக்ஸ்வில் என்னும் சிற்றூரில் 1948 முதல் கிளென்கேரி ஹைலண்ட் விளையாட்டுகள் நடக்கின்றன. அங்கே ஒருநாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். பேக்பைப் இசையையும் நடனத்தையும் பார்க்கப் போய்க் களத்தை மறந்துவிடாதீர்கள். அது எளிதில் நடக்கும்.

வாசகர், கோயம்புத்தூர்: கேபரை எறிந்தபின் எவ்வளவு தூரம் போனது என்று அறிவிப்பதே இல்லையே, ஏன்?

பதில்: அதில் தூரத்துக்கு மதிப்பே இல்லை. தடித்த முனை தரையில் குத்தி, வீரர் கையில் பிடித்திருந்த முனை மேலேறிக் கவிழ்ந்து, அவருக்கு நேர் எதிரே விழ வேண்டும். ஓடிய திசையைக் கடிகாரத்தின் 12 என்று வைத்துக்கொண்டால், மரம் 12 மணியைக் காட்டி விழுந்தால் முழு வெற்றி. 11 அல்லது 1 என்றால் சற்றுக் குறைவு. அதனால்தான் நடுவர் ஒருவர் வீரருக்குப் பின்னாலேயே ஓடுகிறார். மரம் கவிழாமல் திரும்பி விழுந்தால், எத்தனை பாகை வரை நிமிர்ந்தது என்று பக்கத்திலிருந்து கணிப்பார்கள். ஒருவராலும் கவிழ்க்க முடியாத கேபரை ரம்பத்தால் சிறிது அறுத்துக் குறைக்கும் வழக்கமும் உண்டு. கேபர் என்ற சொல்லே ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் கழி, உத்தரம் என்று பொருள்படும்.

வாசகர், திருநெல்வேலி: எங்கள் பக்கம் ஊர் மந்தையில் இளவட்டக்கல் கிடக்கும், அதைத் தூக்கினால்தான் பெண் கொடுப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஸ்காட்லாந்திலும் அப்படி உண்டா?

பதில்: உண்டு. கேலிக் மொழியில் அவற்றை ஆண்மைக்கல் என்ற பொருளில் சொல்கிறார்கள். இளைஞன் இடுப்புவரை தூக்கினால் ஆளாகிவிட்டான் என்று கணக்கு. கல்யாணத்தோடு முடிச்சுப் போட்டது நம் ஊர்ச் சிறப்பு. அவர்களுடைய மிகப் பெயர்பெற்ற கற்கள் பொடார்க் பாலத்தருகே இருக்கும் டின்னி கற்கள். வளையம் பூட்டிய இரண்டு கருங்கற்கள். சேர்ந்து 733 பவுண்டு, 332 கிலோவுக்கும் மேல். 1837-இல் பிறந்த டொனால்ட் டின்னி 1860-இல் இரண்டையும் பாலத்தின் அகலத்துக்குச் சுமந்து கடந்தார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. 1979-இல் அமெரிக்க வீராங்கனை ஜான் டாட் அவற்றைத் தூக்கிக் காட்டினார். ஆனால் இது கல் தூக்குதல். மேலே சொன்னவை எறிதல். தூக்குகிறவர் நல்ல எறிவீரராக வருவார் என்று நம்பிப் பலர் ஏமாந்திருக்கிறார்கள்.

வாசகர், லண்டன்: கில்ட் கட்டாயமா? வேட்டி கட்டிப் பழகியவனுக்கும் அது கூச்சமாக இருக்கிறது.

பதில்: போட்டியில் கட்டாயம், பயிற்சியில் அரைக்கால் சட்டை போதும். எட்டு கஜத் துணியில் தைத்த விழாக் கில்ட்டை வாங்கிவிடாதீர்கள். கனமும் அதிகம், விலையும் அதிகம். துணி குறைவாக வைத்துத் தைத்த விளையாட்டுக் கில்ட் பழையதாகவே கிடைக்கும். முதல் போட்டிக்கு இரவல் கேட்டாலும் கொடுப்பார்கள். முட்டி வரை நீளும் காலுறை வேண்டும். உள்ளே ஒட்டிய அரைக்கால் சட்டை அணியத் தவறாதீர்கள், ஏனென்றால் எடைக்கல்லோடு இரண்டாம் சுற்றில் கால் தட்டி விழும்போது எந்தப் பக்கம் விழுவோம் என்று யாருக்கும் தெரியாது.